ஆவி அடங்குமுன் திறந்த குக்கர்

 

"போர்க்காலத்தில் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பு உண்மையைக் காட்டுகிறதா, மறைக்கிறதா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி பேசி முடித்துவிட்டு உட்காரப் போகும்போது என்னைப் பார்த்து, "தமிழ் வாத்தியாருக்கு ஈராக்கில் என்ன வேலை?" என்று ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். அம்மா, எனக்கு அங்கே வேலை இல்லை. என் அத்தை மகனுக்குப் பக்கத்து நாட்டில் வேலை இருந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு குக்கர் கதை.

போன வாரம் என் மனைவி கோயிலுக்குப் புறப்பட்டார். "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க" என்றார். அணைத்துவிட்டேன். சொன்னதைச் செய்கிற கணவன் நான். (சிரிப்பு) ஆனால் எனக்குப் பசி. பருப்பு வெந்துவிட்டதா என்று உடனே தெரிந்தாக வேண்டும். ஒரு கரண்டியை எடுத்து அந்த வெயிட்டைத் தூக்கினேன். பருப்பு நேராக சீலிங்கில் போய் நேரடி ஒளிபரப்பு ஆகிவிட்டது. (பலத்த சிரிப்பு) திரும்பி வந்தவர் சீலிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெந்துச்சான்னு பாக்கணும்னா ஆவி அடங்கணும். டாக்டர் பட்டம் வாங்கினவருக்கு இது தெரியாதா?" என்றார்.

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதமே அவ்வளவுதான்.

எதிரணியில் ஒரு நண்பர் சொன்னார், உலகத்தின் முதல் நேரடி வர்ணனையாளன் சஞ்சயன் என்று. கைதட்டலும் வாங்கிக்கொண்டார். ஐயா, பாரதத்தை எடுத்து வைத்துப் படியுங்கள். பீஷ்ம பருவத்தில் சஞ்சயன் என்ன செய்கிறான்? பத்தாம் நாள் பீஷ்மர் அம்புப் படுக்கையில் விழுந்த பிறகு, களத்திலிருந்து அஸ்தினாபுரத்துக்கு ஓடி வந்து, "பீஷ்மர் விழுந்துவிட்டார்" என்று திருதராட்டிரனிடம் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் முதல் நாளிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல்ல ஆரம்பிக்கிறான். வியாசர் கொடுத்த ஞானக்கண் இருந்தவன் அவன்! அவனே பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். நம் சேனல்காரருக்குப் பத்து நொடி பொறுக்கவில்லை. (கைதட்டல்)

சரி, பாக்தாத்துக்கு வருவோம். 1991 ஜனவரி 17, அதிகாலை. அல் ரஷீத் ஓட்டலின் ஒன்பதாவது மாடியில் சி.என்.என். நிறுவனத்தின் மூன்று பேர் இருந்தார்கள். பெர்னார்ட் ஷா, ஜான் ஹாலிமன், பீட்டர் ஆர்னெட். குண்டு விழுகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். ஹாலிமன் மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார், சத்தம் உலகமெல்லாம் கேட்கிறது. நேரடி ஒளிபரப்பின் பொற்காலம் அன்றுதான் பிறந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். அது நல்ல வேலைதான். ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். அந்த இரவு சி.என்.என். திரையில் அந்த மூவரிடமிருந்து படமே வரவில்லை! ஒரு வரைபடம், இவர்களுடைய புகைப்படம், தொலைபேசிக் கம்பி வழியாக வந்த குரல், அவ்வளவுதான். அதாவது தொலைக்காட்சியின் மிகப் பெரிய நேரடி ஒளிபரப்பு, உண்மையில் ஒரு ரேடியோ நிகழ்ச்சி. (சிரிப்பு) கண்ணால் கண்டதை மட்டும் சொன்னார்கள், அதனால் நன்றாக இருந்தது. கெட்டுப்போனது எப்போது? காணாததைச் சொல்ல ஆரம்பித்தபோது.

அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டது. ஈராக் இஸ்ரேல் மீது ஸ்கட் ஏவுகணைகளை வீசியது. டெல் அவிவிலும் ஹைஃபாவிலும் விழுந்தன. நிருபர்கள் முகமூடி போட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நிற்கிறார்கள். அந்தப் பதற்றத்தில் நச்சு வாயு வீசிவிட்டார்கள் என்று செய்தி ஓடிவிட்டது. பிறகு பார்த்தால் வாயுவும் இல்லை, ஒன்றும் இல்லை. சாதாரண வெடிகுண்டுதான். திருத்திச் சொன்னார்கள். திருத்தம் நடந்து போகும், வதந்தி பஸ் பிடித்துப் போகும்.

அந்த வதந்தி திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கும் வந்து இறங்கியது. அப்போது நான் கல்லூரி மாணவன். நம் ஊரில் அன்று சி.என்.என். யார் பார்த்தார்கள்? பெரிய நட்சத்திர ஓட்டலில் தங்கியவர்கள் பார்த்தார்கள். நமக்கெல்லாம் தூர்தர்ஷன் செய்தியில் வருகிற துண்டுப் படம், ரேடியோவில் தமிழோசை. என் அத்தை மகன் சவூதியில் தம்மாம் பக்கம் ஒரு கட்டடக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். குவைத்திலிருந்து நம்மவர்கள் 1,70,000 பேருக்கு மேல் 1990-லேயே விமானத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். சவூதியில் இருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. சவூதி மேலும் ஸ்கட் விழுந்தது. "விஷப் புகை போட்டுட்டானாம்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் அத்தை வீட்டு முற்றத்தில் முப்பது பெண்கள். துக்க வீட்டில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்துவிட்டார்கள்! அத்தை என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, நீ காலேஜ்ல படிக்கியே, பேப்பர்ல என்ன போட்டுருக்கான், சொல்லுய்யா" என்று அழுதார். எனக்கு என்ன தெரியும்? போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அப்புறம் பேட்ரியாட் வந்தது.

பேட்ரியாட் என்றால் வருகிற ஏவுகணையை வானத்திலேயே அடிக்கிற அமெரிக்க ஏவுகணை. இரவு வானத்தில் ஒரு வெளிச்சம் மேலே போகும், இன்னொரு வெளிச்சம் கீழே வரும், ஒரு பெரிய மின்னல். அடித்துவிட்டது! நேரடியாகப் பார்த்தோமே! அதிபர் புஷ், மூத்த புஷ், பிப்ரவரி 15-ஆம் தேதி அந்த ஏவுகணை செய்யும் தொழிற்சாலைக்கே போய், 42-க்கு 41 அடித்துவிட்டோம் என்று பேசினார். தூர்தர்ஷனில் அந்த வெளிச்சத்தைப் பார்த்த அத்தை மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டார்.

போர் முடிந்தது. ஆவி அடங்கியது. எம்.ஐ.டி.யில் தியடோர் போஸ்டல் என்று ஒரு பேராசிரியர். (பேராசிரியர்கள் எப்போதாவது உபயோகமாக இருப்பார்கள் என்பதற்கு ஆதாரம்.) அவர் என்ன செய்தார்? தொலைக்காட்சிகள் காட்டிய அதே படங்களை வாங்கிவந்து, ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். மின்னல் ஒரு இடத்தில் இருக்கிறது, ஸ்கட் வேறு இடத்தில் போய்க்கொண்டே இருக்கிறது! வெடித்தது பேட்ரியாட் மட்டும்தான். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே ஆராய்ந்து, அழித்ததற்கு வலுவான ஆதாரம் இருப்பது நூற்றுக்கு ஒன்பது தடவைதான் என்று எழுதியது. எதிரணி நண்பர்களே, படம் பொய் சொல்லாது என்றீர்களே! படம் பொய் சொல்லவில்லை. அதே படத்தை ஓடவிட்டுப் பார்த்தால் வெற்றி, நிறுத்திப் பார்த்தால் தோல்வி. நேரடி ஒளிபரப்பில் நிறுத்திப் பார்க்க இடம் எங்கே இருக்கிறது?

குறி தவறாத குண்டு என்று தினமும் காட்டினார்கள் அல்லவா, புகைபோக்கி வழியாக உள்ளே நுழைகிற குண்டு? அந்தப் போரில் போட்ட குண்டுகளில் அந்த வகை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் பழைய காலத்து இரும்புக் குண்டு. அதற்குக் கேமரா வைக்கவில்லை. கேமராவை யார் வைத்திருந்தார்? குண்டு போட்டவரே வைத்திருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றால், பெண் வீட்டார் எத்தனை பேர் படத்தில் வருவார்கள்? (சிரிப்பு)

2003-இல் மறுபடியும் ஈராக். இந்த முறை நிருபர்களைப் படையோடு சேர்த்தே அனுப்பினார்கள். உம் காசர் என்ற துறைமுகம் பிடிபட்டது என்று சொன்னார்கள், அங்கே சண்டை நடந்துகொண்டே இருந்தது, மறுபடியும் பிடிபட்டது என்றார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி பாக்தாத் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் சிலை விழுந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தில் வைத்த கேமராவில் ஊரே கூடியிருந்தது. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் சதுக்கம் பாதிக்கு மேல் காலி. சிலையை இழுத்தது அமெரிக்கப் படையின் வண்டி.

எதிரணித் தலைவி அமிரியாவைச் சொன்னார். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். 1991 பிப்ரவரி 13, பாக்தாத்தில் அமிரியா பதுங்கிடத்தின் மீது இரண்டு குண்டுகள். உள்ளே படுத்திருந்த பெண்களும் குழந்தைகளுமாக 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ராணுவக் கட்டளை மையம் என்றது அமெரிக்கா. தொலைக்காட்சி இல்லாவிட்டால் அது வெளியே தெரிந்திருக்குமா என்று அம்மா கேட்டார். தெரிந்திருக்காது. அந்த நன்றியை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியைச் சொன்ன பி.பி.சி. நிருபர் ஜெரமி போவன் என்ன செய்தார்? விடிந்த பிறகு அந்த இடத்துக்குப் போனார். உள்ளே நுழைந்து பார்த்தார். ராணுவம் இருந்ததற்கான அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை என்று, லண்டனில் இருந்து திரும்பத் திரும்பக் கேட்டபோதும் சொன்னார். மொட்டை மாடியில் நின்று வானத்தைக் காட்டியவர் அல்ல அவர். போய்ப் பார்த்தவர்.

போய்ப் பார்ப்பது என்றால் என்ன என்று சங்க இலக்கியத்தில் ஒரு கிழவி நமக்குச் சொல்லியிருக்கிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு. நரம்பெல்லாம் தெரியும் வற்றிய கைகள் உள்ள மூதாட்டி. உன் மகன் போரில் புறமுதுகு காட்டிவிட்டான் என்று ஊரார் பலர் வந்து சொல்கிறார்கள். ஒருவர் அல்ல, பலர்! இன்றைய பாஷையில், எல்லாச் சேனலிலும் அதே செய்தி. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று சொல்லி, வாளை எடுத்துக்கொண்டு களத்துக்கே போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். துண்டுபட்டுக் கிடக்கும் மகனைக் காண்கிறாள். பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்று முடிகிறது பாட்டு. வீரத் தாய் என்று நாங்கள் வகுப்பில் பாடம் நடத்துவோம். முப்பது வருஷம் நானும் அப்படித்தான் நடத்தினேன். 2025 மே மாதத்துக்குப் பிறகு எனக்கு அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கிறது. முதலில் வந்த செய்தி தவறு. பலர் சொன்ன செய்தி தவறு. அந்தப் பாட்டில் அதுவும் இருக்கிறது.

2025 மே மாதம் என்ன நடந்தது? இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே நாலு நாள் சண்டை. எட்டாம் தேதி இரவு நம் நாட்டுச் செய்திச் சேனல்கள் சில, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தாக்கி அழித்துவிட்டது என்றன. சைரன் சத்தம் வேறு! அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை. அந்தச் சைரனை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள் என்று அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. உண்மையான சைரன் ஒலிக்கும்போது மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்களே! இதெல்லாம்கூடப் போகட்டும். எல்லையோரத்தில் குண்டுவீச்சில் இறந்துபோன ஒரு சாதாரண ஆசிரியரை, பயங்கரவாதி ஒழிந்தான் என்று படத்தோடு காட்டினார்கள். போலீசார் மறுத்தார்கள். நடுவர் அவர்களே, அந்த வீட்டில் பிணம் கிடக்கிறது, டி.வி.யில் பட்டம் சூட்டுகிறார்கள். அவர் வீட்டுப் பெண்கள் எந்த வாளை எடுத்துக்கொண்டு எந்தக் களத்துக்குப் போவார்கள்?

(நடுவர் மணி அடிக்கிறார்.)

ஒரே நிமிடம் ஐயா. அத்தை கதையை முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தூங்க மாட்டார்கள்.

1991 மார்ச் மாதக் கடைசியில் அத்தை மகனிடமிருந்து ஒரு கேசட் வந்தது. அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்கள் கடிதம் எழுதாமல் டேப்பில் பேசி அனுப்புவார்கள். ஊரிலிருந்து வந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். "அம்மா, நான் நல்லா இருக்கேன். வாயு எல்லாம் ஒண்ணும் போடல, நாங்க வேலைக்குப் போய்ட்டுதான் இருந்தோம்" என்றான். அத்தை சிரித்தார். டேப் ஓடுகிறது. "ஆனா பிப்ரவரி 25-ஆம் தேதி ராத்திரி, எங்க கேம்ப்புக்குக் கொஞ்ச தூரத்துல ஒண்ணு விழுந்துச்சும்மா. கண்ணாடியெல்லாம் நொறுங்கிட்டு. மத்த நாளு மேல ஒரு வெளிச்சம் போகும். அன்னைக்கு ஒண்ணும் போகல."

அது தாஹ்ரானில் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த இடம். 28 பேர் இறந்தார்கள். பேட்ரியாட் கிளம்பவே இல்லை. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அதன் கணினிக் கடிகாரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகிவிட்டது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

அத்தை டேப்பை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏய்யா, அது நம்ம ஊர்ல எத்தனை மணி?" என்று என்னிடம் கேட்டார். "ராத்திரி பதினொரு மணி இருக்கும் அத்தை" என்றேன்.

"அப்ப நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"தூங்கிட்டு இருந்தீங்க அத்தை."

வாயு வரவே வராத அன்றைக்கு மூன்று நாள் பட்டினி கிடந்தவர், மகன் பக்கத்தில் குண்டு விழுந்த இரவில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அந்தக் கேசட் இன்றைக்கும் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எதிரணித் தலைவி விரும்பினால் வாங்கிவந்து போட்டுக் காட்டுகிறேன். (கைதட்டல்)