தொட்டி மீன் சொல்லிக் கொடுத்த பாடம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் மேடை ஏறிப் பேசுறது இதுதான் முதல் தடவை. கலர் மீன் வளர்த்துக் கடன் அடைச்ச கதையைச் சொல்லச் சொன்னாங்க. மீனைச் சாகவிட்ட கதையையும் சேர்த்தே சொல்றேன். அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

குழுவில் 25,000 ரூபாய் உள்கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் 10 அடி நீளம், 6 அடி அகலத்தில் சிமெண்ட் தொட்டி கட்டினேன். இரண்டரை அடி உயரத்துக்கு விட்டால் சுமார் 4,200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சென்னை கொளத்தூரில் 200 கோல்டு ஃபிஷ் குஞ்சு வாங்கி விட்டேன். பத்தே நாள். ஒரு காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் மிதந்துடுச்சு. தண்ணீர் என்னவோ தெளிவாத்தான் இருந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். தவணைக்குப் பணம் இல்லை. எங்க ஊக்குநர் அக்காதான், "ஏன் செத்துச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டு வா"ன்னு பயிற்சிக்கு அனுப்பினாங்க.

அங்கேதான் புரிஞ்சது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவா மாறும். அது கண்ணுக்குத் தெரியாது. மீனோட செவுளைக் கெடுக்கும். அதைத் தின்னு மாத்துற நுண்ணுயிர்கள் இருக்கு. அதுங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறதுதான் வடிகட்டி.

இரண்டு 200 லிட்டர் நீல டிரம் வாங்கினேன். மணிக்கு 2,000 லிட்டர் தள்ளுற சின்ன மோட்டார், தொட்டித் தண்ணீரை முதல் டிரம்முக்கு ஏத்தும். அங்கே கசடு அடியில் தங்கும். அடிக்குழாயைத் திறந்தால் வாழைக்குப் போயிடும். இரண்டாவது டிரம்மில் பழைய வலை, சரளைக்கல், ஓட்டுச்சில்லு. அதைத் தாண்டி, கல்வாழை வெச்ச தொட்டி வழியா, ஒரு அடி உயரத்திலிருந்து மறுபடி தொட்டியில் விழும். விழும்போது காற்றும் கலக்கும்.

நல்லாத்தான் போச்சு. பொங்கலுக்கு வீடு கழுவினப்போ, கல்லு வழவழன்னு இருக்கேன்னு பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் பளிச்சுனு கழுவிட்டேன். அந்த வழவழப்பில்தான் நுண்ணுயிர் குடியிருந்ததுங்க. தண்ணீரில் இருந்த பிளீச்சிங் பவுடர் அதைக் கொன்னுடுச்சு. மறுபடி 40 மீன் போச்சு. சுத்தம்னு நினைச்சு நானே செஞ்சது.

இப்போ தொட்டித் தண்ணீரில்தான் கல்லை லேசா அலசுறேன். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வெச்சுத்தான் ஊத்துறேன். மோட்டாரை ராத்திரியும் நிறுத்துறதில்லை. கரண்ட் பல மணி நேரம் போனால், டிரம்மில் கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிட்டுத்தான் மறுபடி போடுறேன். புது வடிகட்டிக்கு நாலிலிருந்து ஆறு வாரம் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமா மீன் விடணும்.

போன மாசம் கடைசித் தவணை கட்டிட்டேன். பொறுத்துக்கிட்ட என் குழுவுக்கு நன்றி.

உங்களில் யாராவது ஆரம்பிக்கிறதா இருந்தால் வாங்க. என் டிரம்மிலிருந்து ஒரு சட்டிக் கல்லு, ஈரம் காயாம தர்றேன். பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, உங்க டிரம் சீக்கிரம் தயாராகும்.