புல்தரைக்கு ஒரு திகதி இருந்தது

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



அனர்த்தத்துக்குப் பிறகு வீடு கேட்பது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு கோல்ப் மைதானத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டாம். கடைசியில் நம்முடைய லயத்துக்கே வந்து சேருவேன்.

நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போகும்போது அந்தக் கோல்ப் மைதானத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1889இல், வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு நம் உறவு முடிந்துவிடும். நான் சொல்ல வந்த மைதானம் அது அல்ல. அமெரிக்காவில் இருக்கிறது.

மேற்கு வேர்ஜீனியா என்றொரு மாநிலம். நம்மைப் போல மலைநாடு. நமக்குத் தேயிலை, அவர்களுக்கு நிலக்கரி. அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் பல தலைமுறையாகக் கம்பனி கட்டிய வீட்டில் இருந்தார்கள், கம்பனிக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினார்கள். வேலை நிறுத்தம் செய்தால் வீட்டை விட்டு வெளியே போட்டார்கள். இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த மாநிலத்தில் வைட் சல்பர் ஸ்பிரிங்ஸ் என்றொரு சின்ன நகரம். அங்கே கிறீன்பிரையர் என்ற மிகப் பெரிய ஹோட்டல் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதிமார் பலர் வந்து தங்கிய இடம். அதைச் சுற்றிக் கோல்ப் மைதானங்கள். அவற்றில் பேர்போனது 'ஓல்ட் வைட்'. 1914இல் திறந்தார்கள். சார்ல்ஸ் பிளேர் மக்டொனால்ட் என்பவர், சேத் ரெய்னர் என்பவரோடு சேர்ந்து அமைத்தது. ஸ்கொட்லாந்திலும் பிரான்சிலும் பேர்பெற்ற மைதானங்களில் உள்ள மேடு பள்ளங்களை மாதிரியாக எடுத்து அங்கே அமைத்தார்கள். ஆகவே அந்தப் புல்தரை எங்கே சரிய வேண்டும், மணல் குழி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு மாதிரி உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2016 ஜூன் 23. சில இடங்களில் அரை நாளுக்குள் 8 முதல் 10 அங்குலம் வரை மழை கொட்டியது. மலையிலிருந்து தண்ணீர் இறங்கி ஹாவர்ட் ஓடை கரை மீறியது. ஒரு வீடு தீப்பிடித்து எரிந்தபடியே வெள்ளத்தில் மிதந்து போகிறது. அந்தக் காட்சியை அப்போது உலகம் முழுக்கப் பார்த்தார்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒருத்தரும் பேசவில்லை. மாநிலம் முழுவதும் 23 பேர் செத்துப் போனார்கள். அதில் பெரும்பாலோர் அந்த ஹோட்டல் இருக்கும் மாவட்டத்துக்காரர்கள்.

கோல்ப் மைதானத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கல்லும், மரமும், சேறும்தான் மிச்சம். இரண்டு கிழமையில் அங்கே பெரிய போட்டி ஒன்று நடக்க இருந்தது. அதை ரத்துச் செய்தார்கள். ஹோட்டல்காரரையும் குறை மட்டும் சொல்லக்கூடாது. வழக்கமான விருந்தினரை நிறுத்திவிட்டு, வீடு இழந்த சனங்களுக்கு அறைகளைத் திறந்துவிட்டார்கள். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும்.

இனி அந்தப் புல்தரையை எப்படி மீட்டார்கள் என்று பார்ப்போம். மண்ணோடு வேலை செய்கிற உங்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

வெள்ளம் கொண்டுவந்த வண்டல் புல்லின் மேல் படிந்தால் புல் மூச்சு முட்டிச் செத்துவிடும். அந்த வண்டல் காய்ந்தால் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். பிறகு மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது, மேலாலேயே ஓடும். ஆகவே முதல் வேலை அதைச் சுரண்டி அள்ளுவது. அடுத்தது கான். நம் மலையில் கான் அடைபட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதே கதைதான். பந்தைக் குழியில் போடுகிற அந்தச் சின்னப் புல்மேடைக்குக் கீழே குழாய் இருக்கும், அதற்கு மேல் சரளைக் கல், அதற்கு மேல் மணல், அதற்கு மேல்தான் புல். குழாய் அடைபட்டால் மேடையே கெட்டுப்போகும். கெட்டதைத் தோண்டி எடுத்து அடியிலிருந்து கட்டி வர வேண்டும்.

அதோடு பருவமும் இருக்கிறது. அந்த ஊர்ப் புல்லுக்கு விதை போட நல்ல காலம் ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும். அதைத் தவறவிட்டால் பனிக்காலம் வந்துவிடும். நாம் மழையைப் பார்த்துக் கன்று நடுகிறோமே, அதைப் போலத்தான். ஜூன் கடைசியில் வெள்ளம். அதற்குப் பிறகு கைக்கு இருந்தது இரண்டு மாதம்.

கீத் பொஸ்டர் என்ற மைதான வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார்கள். மக்டொனால்ட் அமைத்த பழைய அமைப்பை வைத்து வேலை நடந்தது. 2017 ஜூலை முதல் வாரம், அதாவது வெள்ளம் வந்து ஒரு வருடமும் சில நாட்களும் ஆனபோது, அதே மைதானத்தில் அந்தப் பெரிய போட்டி மறுபடி நடந்தது. உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. புல் பச்சைப் பசேல் என்று இருந்தது.

தோழர்களே, இது கெட்டிக்கார வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மண் அள்ளியவர், குழாய் பதித்தவர், விதை போட்டவர் எல்லோரும் தொழிலாளர்கள். அந்த ஊரில் ஹோட்டல்தான் பெரிய வேலை தரும் இடம். மைதானம் எழும்பினால்தான் சம்பளம். ஆகவே "புல்லை ஏன் நட்டாய்" என்று நான் கேட்கவில்லை.

அந்த ஒரு வருடத்தில் சனங்களின் வீடுகள் என்ன ஆயின என்றுதான் கேட்கிறேன்.

வீடுகளுக்காக மத்திய அரசாங்கம் ஒதுக்கிய பணம் ஏறத்தாழ 150 மில்லியன் டொலர். பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் போட்டி நடந்து முடிந்து அடுத்த வருடமும் வந்துவிட்டது, பல குடும்பங்களுக்கு வீடு வரவில்லை. 2018இல் மாநில ஆளுநரே வேலை சரியாக நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த வீட்டுத் திட்டத்தை ஏற்கெனவே பார்த்தவர்களிடமிருந்து எடுத்துத் தேசியக் காவல் படையிடம் கொடுத்தார். அந்த ஆளுநர் யார் தெரியுமா? ஜிம் ஜஸ்டிஸ். 2009இல் அந்த ஹோட்டலை வாங்கியவர். வெள்ளம் வந்த அதே வருடக் கடைசியில் தேர்தலில் வென்று, 2017 ஜனவரியில் ஆளுநரானவர். புல்தரைக்கு முதலாளி, வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பு, இரண்டும் ஒரே ஆள். ஒன்று ஒரு வருடத்தில் முடிந்தது. மற்றது இழுபட்டது.

பணக்காரனுக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதி என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். நீங்களும் கை தட்டுவீர்கள். ஆனால் நாளைக்கு அதனால் ஒரு லயமும் அசையாது. புல்தரைக்கு என்ன இருந்தது, வீட்டுக்கு என்ன இருக்கவில்லை என்று கணக்குப் பார்ப்போம்.

ஒன்று, படம். எந்த மேடு எங்கே என்று 1914இலிருந்து மாதிரி இருந்தது. இரண்டு, இடம். எந்தக் காணியில் வேலை என்பதில் கேள்வியே இல்லை. மூன்று, பொறுப்பான ஒரு பெயர். வேலை பிழைத்தால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு, திகதி. ஜூலையில் ஆட்டக்காரர் வருவார்கள், கமெராவும் வரும். அன்றைக்குப் புல் இல்லாவிட்டால் வெட்கக்கேடு.

வீட்டுக்கும் இந்த நான்கும் கிடைத்தால் வீடும் எழும்பும் என்பதற்கு அதே ஊரில் சாட்சி இருக்கிறது. வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தில் 'ஹோப் வில்லேஜ்' என்று ஒரு சின்னக் குடியிருப்பு. மெனனைட் என்ற கிறிஸ்தவ சபையின் தொண்டர்கள் வந்து கட்டிக் கொடுத்தார்கள். இடம் தெரிந்தது, படம் இருந்தது, யார் கட்டுவது என்று தெரிந்தது. அரசாங்கத் திட்டம் தடுமாறிக்கொண்டிருந்தபோதே அங்கே சனங்கள் குடிபோனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஹோட்டலில் தொழிற்சங்கம் இருக்கிறது. 2024இல், ஹோட்டல் கட்ட வேண்டிய மருத்துவக் காப்புறுதிப் பணம் மாதக்கணக்காகக் கட்டப்படவில்லை, ஓகஸ்ட் கடைசியோடு காப்புறுதி நின்றுவிடும் என்று தொழிலாளருக்கு அறிவித்தல் வந்தது. விஷயம் நாடறிய வெளியே வந்தது. அந்த நாள் வருவதற்குள் உடன்பாடு எட்டியது. அங்கேயும் வேலை செய்தது திகதிதான்.

இனி நம் லயத்துக்கு வருவோம்.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று வருடக்கணக்காக முன்பே சொல்லியிருந்தார்கள். "வெளியேறுங்கள்" என்ற சொல் இருந்தது. எங்கே போவது என்பதற்கு இடம் இருக்கவில்லை. தப்பியவர்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் சேலையைத் தட்டியாகக் கட்டிக் காலம் தள்ளினார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மறுபடியும் மலை இறங்கியது. மறுபடியும் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்தோம்.

என் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் பிழை என்னிலும் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த லயத்துக்குப் பின்னால் மண்திட்டு வெடித்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், குடியிருக்கத் தகாத இடம் என்று கடிதம் தந்தார்கள். பன்னிரண்டு குடும்பம். எங்கள் பாடசாலையிலேயே ஒன்பது நாள் இருந்தோம். பகலில் நான் படிப்பித்த வகுப்பறையில் இரவில் என் அம்மா படுத்தார். பத்தாவது நாள் பாடசாலை திறக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் பழைய காம்பராவுக்கே திரும்பினோம்.

சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதியது நான்தான். நல்ல தமிழில் எழுதினேன். "உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்தேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது." இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு திகதி இல்லை, ஒரு காணியின் பெயர் இல்லை, பொறுப்பாளர் ஒருவரின் பதவி இல்லை. திகதி கேட்காதவனுக்கு யார் திகதி தருவார்?

இரண்டாவது கடிதத்தை நாங்கள் கமிட்டியாக உட்கார்ந்து எழுதினோம். எந்த மலையில், எத்தனையாம் இலக்கத்தில், எத்தனை பேர்ச் என்று காணியைச் சொன்னோம். ஒரு பழைய கங்காணி ஐயாதான் கான் எங்கே ஓடுகிறது, எந்தப் பக்கம் மண் நிற்கும் என்று காட்டினார். பாடசாலைப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பரிசோதிக்க இந்தத் திகதிக்குள் வர வேண்டும், தோட்ட நிர்வாகம் காணியை விட இந்தத் திகதிக்குள் பதில் தர வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டோம். பிரதி பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும். வீடு கிடைத்துவிட்டதா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் காணியைப் பார்க்க ஆள் வந்தார்கள். நாங்கள் போட்ட திகதிக்கு நான்கு நாள் பிந்தி வந்தார்கள். பிந்தியது நான்கு நாள் என்று எண்ண முடிந்ததே, அதுவே எங்களுக்குப் புதிது.

ஆகவே இன்று வகுப்பு முடிந்து போவதற்குள் ஒவ்வொரு தோட்டமும் ஒரு தாள் எழுத வேண்டும். எந்த இடம், என்ன படம், யார் பொறுப்பு, எந்தத் திகதி. நான்கு வரிதான். "உடனடியாக", "விரைவில்", "ஆவன செய்யவும்" என்ற சொற்கள் அதில் வரக்கூடாது. எழுத வராத தலைவிமார் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். திகதி கடந்தால் அடுத்த நாளே இரண்டாவது கடிதம், அதற்கும் ஒரு திகதி.

அந்த அமெரிக்க மைதானத்தில் இப்போது அந்தப் பெரிய போட்டியும் நடப்பதில்லை. 2019தான் கடைசி. சில நாள் விருந்தாளிக்காக அவ்வளவு அவசரம் காட்டினார்கள். நம் சனங்கள் இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு திகதி போடச் சொல்வோம்.

தாளும் பேனையும் பின் மேசையில் இருக்கின்றன.