காவலும் ஒரு கல்வியே



செஞ்சியில் வாழ்பவர்க்குக் காலையில் கண் விழித்ததும் தென்படுவன மூன்று குன்றுகள்: இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் வளைத்து நிற்கும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் தமிழகத்துக் கோட்டை செஞ்சி ஒன்றே.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய நான் மாலைதோறும் அக்கோட்டை வாயில்வரை உலவி வருவதுண்டு. சில நாள்களுக்கு முன் அங்கே என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளுடன் வந்து என்னைக் கண்டார். அப்பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். “ஐயா, நாட்டுப் பாதுகாப்பு, உளவு, பயங்கரவாதத் தடுப்பு ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புகிறேன். அப்பா வேண்டாம் என்கிறார்” என்றாள். தந்தையோ, “நீங்களே சொல்லுங்கள், ஐயா. காவல் வேலைக்கு உடல் வலிமையும் துணிவும் போதாவா? ஒட்டுக் கேட்பதற்கும் ஒரு பட்டமா?” என்று கேட்டார். அவ்விருவருக்கும் அன்று நான் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

முதலில் இக்கோட்டையையே பாருங்கள். இராசகிரியின் உச்சியை அடையுமுன் பாறை பிளந்து ஆழ்ந்த பள்ளம் ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை நீக்கிவிட்டால் ஒரு சிலரே மேலிருந்து பெரும்படையைத் தடுத்து விடலாம். இத்தகைய அரணைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரே இரவில் கைப்பற்றியது! மதில் அப்படியேதான் நின்றது. காவல்தான் குலைந்தது. ஆகவே கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடமாட்டா என்பது தெளிவு.

இதனினும் பெரிய பாடம் ஒன்று அதற்கு முன்னரே இம்மண்ணில் நிகழ்ந்தது. சிவாஜியின் மகன் இராசாராம், 1689-இல் பன்ஹாலாக் கோட்டையிலிருந்து மாறுவேடம் பூண்டு தப்பிச் செஞ்சியை அடைந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகையிட்டார். முற்றுகை 1698 வரை நீடித்தது. இடையே, 1692-ஆம் ஆண்டின் இறுதியில், மராட்டியப் படைகள் சூழ்ந்து கொண்டமையால் மொகலாயர் பாசறைக்கு உணவு வருவது அரிதாயிற்று. பேரரசரின் பாளையத்திலிருந்து செய்தி வருவதும் நின்றது. செய்தி நின்ற இடத்தில் வதந்தி புகுந்தது. பேரரசர் இறந்துவிட்டார் என்ற பேச்சுப் பரவியது. பாசறையில் இருந்த இளவரசர் காம் பக்சு கோட்டைக்குள் இருந்த பகைவரோடு மறைமுகமாகத் தொடர்பு கொண்டார். அதை அறிந்த தளபதியும் அவர் தந்தை ஆசத் கானும் தம் பேரரசரின் மகனையே சிறைப்படுத்த நேர்ந்தது. ஔரங்கசீப்போ அதன்பின்னும் பதினான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தார்! பொய்ச் செய்தி ஒரு பெரும்படையை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. முடிவில் கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் அதனுள் இல்லை. முன்னரே தப்பிச் சென்றிருந்தார்.

செய்தியைத் திரட்டுவது ஒரு வேலை. திரட்டியதைத் துலாக்கோலில் இட்டு நிறுப்பது வேறொரு வேலை. பின்னதற்கே கல்வி வேண்டும். திருவள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; ஒற்றாடலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்கிறார் அவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால்தான் தெளிய வேண்டும் என்பதும் அவர் கருத்து. மைசூரில் சாமசாத்திரி என்னும் அறிஞர் ஓலைச்சுவடியிலிருந்து கண்டெடுத்து 1909-இல் அச்சேற்றிய அர்த்தசாத்திரமும் இத்துறையை விரிவாகப் பேசுகிறது. எனவே இது நேற்றுப் பிறந்த கல்வி அன்று.

இதன் அருமையை நான் பிழை செய்தே கற்றேன். தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற புதிதில், ஒரு நாள் தேர்வுக் கட்டணப் பணம் காணாமற்போயிற்று. மாணவன் ஒருவன் வந்து மற்றொருவன் பெயரைச் சொன்னான். அந்த ஒரு சொல்லை நம்பி, பெயர் சொல்லப்பட்டவனை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வினவினேன். இரண்டு நாள் கழித்துப் பணம் கணக்கேட்டின் அட்டைக்குள் அகப்பட்டது. விளையாட்டுத் திடலில் மூண்ட பகைமையே அவன் பெயரைச் சொல்ல வைத்தது என்று பின்னரே அறிந்தேன். அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் முன்வரிசையில் அமர்ந்து வந்த அவன், அதன்பின் கடைசி வரிசையை விட்டு வரவே இல்லை. மூவர் சொல் வேண்டும் என்ற குறளை வகுப்பில் பலமுறை நடத்தியவன் நான்!

ஒரு பள்ளியில் நேர்ந்த பிழைக்கே இத்துணை வடு என்றால், ஒரு நாடு செய்யும் பிழை எத்தகையதாகும்! 1999-இல் கார்கில் மலைகளில் பகைவர் ஊடுருவியதை நாம் காலந்தாழ்ந்தே அறிந்தோம். காரணங்களை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம். சென்னையில் வேதியியல் கற்று, ஆட்சிப் பணியில் புகுந்து, நாட்டுப் பாதுகாப்பையே வாழ்நாள் ஆய்வாக மேற்கொண்டவர் அவர். பல துறைகள் பெற்ற செய்திகளை ஒருங்கே கூட்டி ஆராயும் முறை போதாமையை அக்குழு எடுத்துக் காட்டிற்று. 2008 நவம்பர் 26-இல் தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 பேர் மாண்டபின், தேசியப் புலனாய்வு முகமை சட்டத்தின்வழி அமைந்தது.

இத்துறையில் மறக்கலாகாத மற்றொரு பக்கம் உண்டு. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு பிறரும் மாண்டனர். அவ்வழக்கில் 26 பேருக்கும் 1998-இல் தனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அத்தகைய கொடுமையைத் தடுப்பதும் காவலின் கடமை. குற்றத்திற்கு உரியவர் யார், அல்லாதவர் யார் என்று பிரித்தறிவதும் காவலின் கடமையே. சட்டம் அறியாத காவலன் தான் காக்க வேண்டிய மக்களுக்கே அச்சம் ஆகிவிடுவான்.

இவற்றைக் கற்க இன்று இடங்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர்த்திற ஆய்வுக்கென்று தனித்துறை உண்டு. குற்றவியலுக்கும் துறை உண்டு. குசராத்தில் உள்ள இராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகம் 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வரலாறு, நிலவியல், சட்டம், உளவியல், கணினி, அயல்மொழி எல்லாம் இக்கல்விக்குத் துணை நிற்பன. ஆனால் பட்டம் பெற்றவுடன் வேலை காத்திருக்கும் என்று எண்ணற்க. பணியில் சேரத் தேர்வும் பயிற்சியும் தனியே உண்டு. திரைப்படத்தில் காணும் துப்பறிவாளரை எண்ணி இதில் புகுவோர் ஏமாற்றமே அடைவர். அங்கே பெரும்பகுதி வேலை, அறிக்கைகளைப் பொறுமையாகப் படிப்பதும் ஒப்பிடுவதும் ஐயுறுவதுமே ஆகும். செய்த நன்மையை ஊரறியச் சொல்லிக் கொள்ளவும் இயலாது.

இவ்வளவும் கேட்டபின் அப்பெண், “அப்படியானால் நான் எதிலிருந்து தொடங்க வேண்டும், ஐயா?” என்றாள். “இன்றே தொடங்கலாம், அம்மா. உன் கைப்பேசிக்கு வரும் அடுத்த செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன், இதைச் சொன்னவர் யார், அவர் நேரில் கண்டாரா, வேறு எவரேனும் தனியே இதை உறுதி செய்கின்றனரா என்று மூன்று கேள்விகள் கேள். அப்பழக்கம் உனக்குக் கசக்கவில்லையாயின் இக்கல்வி உனக்கு உரியது” என்றேன். தந்தை உடனே இசைந்துவிடவில்லை. “யோசிக்கிறேன், ஐயா” என்று மட்டும் சொன்னார். விசாரித்து, எண்ணிப் பார்த்து முடிவு செய்வதுதானே நான் அன்று சொன்ன பாடம்! ஆதலால் அவ்விடையே எனக்கு நிறைவு தந்தது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எத்துறையைக் கற்பினும் அம்மூன்று கேள்விகளை மறவாதிருங்கள்.