கணினிப் பாதுகாப்புக் கல்வியும் அமானிதமும்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





முன்பெல்லாம் நமக்கு வரும் விண்ணப்பங்களில் ஆசிரியர் பயிற்சி, நர்சிங், பி.காம். என்றுதான் இருக்கும். இப்போது "சைபர் செக்யூரிட்டி" என்று எழுதி வருகிறது. கூட வரும் வாப்பாமார்களும் உம்மாமார்களும் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான். "இது ஹேக்கிங் படிப்பாமே, போலீஸ் கேஸ் ஆகிவிடாதா? இதில் ஹலாலான பிழைப்பு உண்டா?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. பூட்டைத் திறக்கும் வித்தையைக் கற்ற பிள்ளை நாளை யார் வீட்டுக் கதவின் முன் நிற்பானோ என்ற பயம் பெற்றவர்களுக்கு இருக்கத்தான் செய்யும். வெறும் அறிவுரை சொல்வதைவிட, இதே துறையில் பேராசிரியராகவும் தொழில் முனைவோராகவும் இருக்கும் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

அவர் பெயர் அலெக்ஸ் ஹால்டர்மன். 1981-ல் பிறந்தவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபெல்டன் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 2009-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார்.

2003-ல், அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, பாட்டு சி.டி.க்களைக் காப்பி எடுக்க முடியாதபடி ஒரு நிறுவனம் மென்பொருள் பூட்டுப் போட்டு விற்பனைக்கு விட்டது. சி.டி.யைக் கணினியில் போடும்போது 'ஷிப்ட்' பொத்தானை அழுத்திப் பிடித்தாலே அந்தப் பூட்டு வேலை செய்யாது என்று ஹால்டர்மன் கண்டுபிடித்தார். அதைத் தம் பெயரிலேயே கட்டுரையாக எழுதி வெளியிட்டார். வழக்குத் தொடரப் போவதாக அறிவித்த அந்த நிறுவனம் மறுநாளே பின்வாங்கியது. ஒளித்து வைத்து விற்கவோ மிரட்டிப் பணம் கேட்கவோ செய்யாமல், கண்டதை எல்லோரும் சோதித்துப் பார்க்கும்படி எழுதி வைத்ததுதான் அவருக்குப் பாதுகாப்பாக நின்றது.

2006-ல் அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் அமெரிக்காவில் பயன்பாட்டில் இருந்த ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தை ஆராய்ந்தார்கள். ஒரே நிமிடம் அது கையில் கிடைத்தால் தீய மென்பொருளை ஏற்றிவிடலாம் என்று காட்டினார்கள்.

2010-ல் வாஷிங்டன் நகர நிர்வாகம், இணையம் வழியாக வாக்களிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவரும் முன், "முடிந்தால் உடைத்துப் பாருங்கள்" என்று வெளிப்படையாக அழைத்தது. ஹால்டர்மனும் மாணவர்களும் 48 மணி நேரத்திற்குள் அதை ஏறக்குறைய முழுவதுமாகத் தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். வாக்களித்து முடித்ததும் தங்கள் பல்கலைக்கழகத்தின் பாட்டு ஒலிக்கும்படி செய்து வைத்தார்கள். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அதிகாரிகளுக்கு விஷயம் இன்னும் வெகு நாட்கள் தெரியாமலே இருந்திருக்கலாம். அந்தத் தேர்தலில் இணைய வழி வாக்களிப்பு கைவிடப்பட்டது. கேட்டுச் செய்த சோதனை என்பதால் அங்கே யாரும் குற்றம் சொல்லவில்லை.

அதே ஆண்டு நம் நாட்டு வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றை, ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், நெதர்லாந்தின் ராப் கோங்க்ரைப் ஆகியோருடன் சேர்ந்து ஆராய்ந்தார். இயந்திரம் கையில் கிடைத்தால் உட்பாகத்தை மாற்றி எண்ணிக்கையைத் திருத்தலாம் என்று எழுதினார்கள். நடைமுறையில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளை மீறி அப்படிச் செய்ய முடியாது என்று தேர்தல் ஆணையம் மறுத்தது. அந்த வாதத்திற்குள் நாம் இங்கே போகவில்லை. ஆனால் அந்த இயந்திரம் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டு, பிறகு ஜாமீனில் வந்தார். நல்ல நோக்கம் இருந்தாலும் "யார் அனுமதித்தது?" என்ற கேள்வி பின்னாலேயே வரும் என்பதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

இனி அவர் கட்டியதைப் பார்ப்போம். செல்போனில் ஓர் இணையதளத்தைத் திறந்தால், நாம் அனுப்பும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்ப ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு காலத்தில் அதை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. சிறிய கடைக்காரரும் சிறிய சங்கமும் வாங்காமலே விட்டுவிடுவார்கள். அதை இலவசமாகத் தருவதற்கென்று ஹால்டர்மனும் வேறு சிலரும் சேர்ந்து லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அந்தச் சேவை 2015-ல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 2020 பிப்ரவரியில் அது வழங்கிய சான்றிதழ்கள் 100 கோடியைத் தொட்டன. பேர் தெரியாத எத்தனையோ கோடிப் பேரின் அந்தரங்கம் அதனால் காக்கப்படுகிறது.

அவர் தொழிலும் செய்கிறார். இணையத்தின் முகவரிகள் அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்திற்குள் சோதித்துப் பார்க்கும் கருவியை அவரும் மாணவர்களும் 2013-ல் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து 'சென்சிஸ்' என்ற நிறுவனம் பிறந்தது. தங்கள் கணினிகளில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று நிறுவனங்களுக்குக் காட்டுவது அதன் தொழில். ஆகவே, இதில் நேர்மையான பிழைப்பு உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்பதே பதில்.

இவை எல்லாவற்றையும்விட நம்மைக் கவர்ந்தது 2020-ல் நடந்தது. அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்ததும், இயந்திரங்களில் மோசடி நடந்துவிட்டது என்று பெரும் கூச்சல் எழுந்தது. இயந்திரம் பலவீனமானது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர் அவர். "நான் அப்போதே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பலர் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. கணினி மோசடியால் முடிவு மாறியதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதையும் காணவில்லை என்று 59 வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார்.

மிச்சிகன் மாநிலத்தின் ஆன்ட்ரிம் என்ற மாவட்டத்தில் முதலில் அறிவித்த எண்ணிக்கை தவறாகிப் பெரும் சந்தேகம் கிளம்பியது. மாநில அரசு அவரிடம் விசாரணையைக் கொடுத்தது. வாக்குச் சீட்டின் அமைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது எல்லா இயந்திரங்களிலும் அதற்கேற்பத் திருத்தம் செய்யாமல் விட்டதுதான் காரணம், அது மனிதத் தவறு, மோசடி அல்ல என்று 2021-ல் அறிக்கை கொடுத்தார். பூட்டு பலவீனம் என்பது வேறு, திருட்டு நடந்தது என்பது வேறு. கூட்டாமல் குறைக்காமல் சாட்சி சொல்லத் தெரிந்ததால்தான் இரண்டையும் அவர் பிரித்துச் சொன்னார்.

பிள்ளைகளே! நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இருக்கிறது. உரியவர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியில் நுழைந்து கெட்ட எண்ணத்துடன் கை வைத்தால், அதன் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. விளையாட்டுக்குச் செய்தேன் என்றால் எடுபடாது. சொந்தக் கணினியில் பழகுங்கள். குறைகளைக் கண்டு சொல்லுங்கள் என்று சில நிறுவனங்களே பரிசு அறிவிக்கின்றன. அந்த எல்லைக்குள் நின்று முயலுங்கள். குறை ஏதும் கண்ணில் பட்டால் நண்பர்கள் குரூப்பில் போடாமல், உரியவருக்கோ, 'செர்ட்-இன்' என்ற அரசு அமைப்புக்கோ தெரிவியுங்கள்.

பெற்றோர்களே! உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. பிள்ளை, மகனோ மகளோ, ராத்திரி கண் விழித்து உட்கார்ந்திருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இது யாருடைய கணினி? அவர் அனுமதித்தாரா?" பதில் தயங்காமல் வந்தால் பால் காய்ச்சிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தயக்கம் தெரிந்தால் அன்றைக்கே உட்கார வைத்துப் பேசுங்கள்.

அடுத்தவர் வீட்டுச் சாவி நம் கையில் இருந்தால் அது அமானிதம். இந்தக் கல்வியும் அப்படிப்பட்ட ஒரு சாவிதான். அதை நாணயமாக வைத்துக்கொள்ளும் பிள்ளைகளாக அல்லாஹ் நம் பிள்ளைகளை ஆக்கி வைப்பானாக, ஆமீன்.