நல்ல கல்யாண போட்டோகிராபர் யார்?



காலையில் ரெண்டு தம்பிகள் வந்து, "அண்ணே, கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போறோம், எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டார்கள். கேமரா இருக்கட்டும். தாலிக்கு எத்தனை முடிச்சு, யார் யார் போடுவாங்க, தெரியுமா?

நம்ம பக்கத்தில் பெரும்பாலும் முதல் முடிச்சு மாப்பிள்ளை. மற்ற ரெண்டும் நாத்தனார். கெட்டிமேளம் கொட்டினதும் அந்த அம்மா பெண்ணுக்குப் பின்னால் வந்து நிற்பார். அட்சதை போட மாமாக்கள் எல்லாம் எழுந்துவிடுவார்கள். எல்லாம் சில விநாடிதான். முன்கூட்டியே இடம் பிடிக்காதவருக்கு முதுகுகள்தான் கிடைக்கும். அந்தக் கால யாஷிகா பெட்டிக் கேமராவில் ஒரு 120 ரோலுக்கு 12 படம். அனுபவஸ்தர் முகூர்த்தத்துக்கு முன்பே புது ரோல் மாட்டிவிடுவார். இன்று ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். ஆனால் சடங்கின் வரிசை தெரியாவிட்டால் எத்தனை எடுத்தும் பிரயோஜனமில்லை.

அடுத்தது நம்ம இன்ஜினியர் சமாசாரம். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டை நிறைய இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். அதற்காக மாவு பூசின மாதிரி வெளுக்க வைப்பதும் அநியாயம். மாநிறப் பெண் ஆல்பத்திலும் மாநிறமாகத்தான் இருக்கணும். இதில் எனக்கு சமரசமே கிடையாது. ஹோமப் புகையா? ஃபிளாஷை கேமராவை விட்டுத் தள்ளிப் பக்கவாட்டில் பிடியுங்கள். இல்லையென்றால் புகைதான் படமாக விழும்.

1996-ல் எங்க அத்தை கல்யாணம். மேடைப் படம் ஒன்றில்கூட தாத்தா இல்லை. மனுஷர் பந்தியிலேயே நின்றுவிட்டார். ஃபிலிமை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில், யாரும் சொல்லாமலே அந்த போட்டோகிராபர் பந்திக்குப் போய், தோளில் துண்டும் கையில் மோர் வாளியுமாக அவரை ஒரு படம் எடுத்தார். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கித்தான் இன்று வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். வேறு கலர் படம் அவருக்கு இல்லை.

அதனால் முந்தின நாளே வீட்டுப் பெரியம்மா ஒருவரைப் பிடித்து, மேடை ஏற முடியாத வயசாளிகள் யார், சமையல்கட்டை விட்டு வராதவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேமரா கேட்டீங்களே தம்பி: ரெண்டு மெமரி கார்டு போடுகிற மாதிரி ஒன்றை வாடகைக்கு எடுங்க. ஒன்று மக்கர் பண்ணினாலும் இன்னொன்றில் படம் இருக்கும்.