அரை விலைப் பொட்டலம்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் சுற்று வட்டார விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசாமல் சோற்றைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். இரண்டும் ஒன்றுதான். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற நமக்கு வயிறு கெட்ட நாள் கூலி இல்லாத நாள்.

சனிக்கிழமை நமக்குச் சம்பளம். ஓவர்டைம் முடித்து இரவு 9 மணிக்கு வெளியே வருகிறோம். அறைக்குப் போய் உலை வைக்க உடம்பில் தெம்பு இல்லை. வழியில் சூப்பர் மார்க்கெட்டில் விளக்கு எரிகிறது. உள்ளே ஒரு மேசையில் பிரைடு ரைஸ், சில்லி சிக்கன், பிரியாணி எல்லாம் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கியிருக்கின்றன. மேலே மஞ்சள் சீட்டு: 80 ரூபாய்ப் பண்டம் 40 ரூபாய்! போன கோடையில் எங்கள் அறையில் எட்டுப் பேர் அதை வாங்கிப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். நடுச்சாமத்துக்குள் ஐந்து பேருக்கு வாந்தி. திங்கட்கிழமை ஐந்து மெஷின் ஓடவில்லை. மிச்சம் பிடித்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் 80 ரூபாய்க்கு விற்றது இரவில் ஏன் 40 ரூபாய்? நம்மீது கடைக்காரருக்குத் திடீரென்று இரக்கம் பிறந்துவிட்டதா? மத்தியானம் சமைத்தது விற்கவில்லை. விடிந்தால் குப்பைக்குப் போக வேண்டிய சரக்கு. மலிவாக விற்பது குற்றமில்லை. அரிசி, பருப்பு, பிஸ்கட் பாதி விலைக்குக் கிடைத்தால் தேதியைப் பார்த்துத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் சமைத்த சோறு வேறு. அதற்கு விலையைக் கேட்பதற்கு முன்னால் மணியைக் கேட்க வேண்டும். எப்போது சமைத்தது? இதுவரை எங்கே கிடந்தது?

இதைச் சொன்னபோது பல்லடம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களை மடக்கினார். "நாங்கெல்லாம் பழைய சோத்தைக் கரைச்சுக் குடிச்சுப்போட்டுத்தானுங்க காட்டு வேலைக்குப் போறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றார். நியாயமான கேள்வி. விடை தெரிந்துகொள்ள நாங்களும் அலையத்தான் வேண்டியிருந்தது.

பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றுகிறோம். இரவு முழுதும் அது புளிக்கிறது. மோரைப் புளிக்க வைக்கிற இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் அதில் பெருகுகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தலையெடுப்பது கஷ்டம். பெரியவர் குடிப்பது மிஞ்சிப்போன சோறு அல்ல, புளிக்க வைத்த உணவு. வெளியூர்ப் பயணத்துக்கு நம் பாட்டிமார் புளிச்சோறு கட்டிக்கொடுத்ததும் இதே அறிவுதான்.

கடைச் சோறு அப்படியா? அண்டாவில் வடித்த சோறு மூடிவைத்தபடி மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கிறது. (அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளர்கள் கோபிக்க வேண்டாம், குற்றம் அண்டாவின் மேல் இல்லை!) அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்றொரு கிருமி இருக்கிறது. மண்ணில் வாழ்வது, நெல்லோடு கூடவே வந்துவிடுகிறது. கோடையில் காய்ந்து வெடித்த காட்டில் கோரைக் கிழங்கு செத்ததுபோல் கிடந்து, ஒரு மழைக்கு முளைக்கிறதல்லவா? அதுபோல இந்தக் கிருமி ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிக் கொதிநீருக்கும் தப்பிவிடும். சோறு ஆறி வெதுவெதுப்பானதும் விழித்துக்கொண்டு பெருகும், விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சுட வைத்தாலும் போகாது. "சட்டியில் போட்டு நன்றாக வறுத்துத்தானே கொடுக்கிறான்" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வது இங்கேதான் பொய்யாகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கேடல்ல. 1971இல் லண்டனில் சீன ஓட்டல்களில் பிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தபோதுதான் இந்தக் கிருமியின் வேலை வெளிச்சத்துக்கு வந்தது. மொத்தமாக வடித்து வெளியிலேயே வைத்திருந்து, ஆள் வரவர வறுத்துக் கொடுத்தார்கள். குளிர்ந்த லண்டனிலேயே அந்தக் கதி என்றால், சித்திரை வெயில் 38, 39 டிகிரியைத் தொடும் திருப்பூரில் என்ன ஆகும்?

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட சூடு கிருமிக்குக் கொண்டாட்டம். வாகான வெப்பத்தில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கில் ஒன்று 6 மணி நேரத்தில் 2,62,144. பகல் 12 மணிக்கு அடைத்த டப்பாவை நாம் இரவு 9 மணிக்கு வாங்குகிறோம்.

இறைச்சியின் கதை இன்னும் கொடியது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓட்டல் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி உயிரிழந்தாள்; அதே கடையில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

கடையில் வாங்கினால்தான் என்பதும் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் பூந்தமல்லி பக்கத்து விடுதியில் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்ன நடந்தது என்று யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. தோழிகள் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்த நிர்வாகமல்லவா அந்த வதந்திக்கு இடம் கொடுத்தது? பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. விடுதிகள் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் சாலைக்கு வராதிருந்தால் இந்த ஒப்புதல் வந்திருக்குமா?

இனி நம் கைக்கு எட்டிய காரியங்கள். தூக்குப்போசியில் சோற்றைக் கொதிக்கக் கொதிக்க அடைக்காதீர்கள். பரப்பி ஆறவிட்டு மூடுங்கள். குழம்பைத் தனியே எடுத்து வாருங்கள். மீந்த சோற்றில் இரவே நல்ல தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கடையில் குளிர்ப்பெட்டி இருந்தால் டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். மணக்கவில்லை, அதனால் கெடவில்லை என்று நம்பாதீர்கள். எங்கள் பிரைடு ரைஸ் நன்றாகவே மணத்தது.

வாந்தி பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதிய அளவு நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், மூத்திரம் நின்றுபோதல் இவற்றில் எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குழந்தைகள் விஷயத்தில் காத்திருக்கவே வேண்டாம். டப்பாவையும் பில்லையும் எறிந்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கெட்ட உணவால் உயிர் போனால் 5 லட்ச ரூபாய்க்குக் குறையாமலும், மற்றப் பாதிப்புக்கு 1 லட்சம் வரையிலும், பாதிப்பு கடுமையானால் 3 லட்சம் வரையிலும் நஷ்ட ஈடு உண்டு. சாட்சி இல்லாமல் எதுவும் நடக்காது.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். நோய்க்காலப் படி கூலியில் 70 சதவீதம், வாஸ்தவம். ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. கெட்ட சோற்றின் வாந்தியோ பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். ஆக, கைக்கு வருவது பூஜ்யம்!

கேண்டீன் இருந்தால் இரவு 9 மணிக்கு மஞ்சள் சீட்டைத் தேடுவோமா? 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதை 100 பேர் என்று எழுதியது. நம் கம்பெனியில் எத்தனை பேர் என்பதை, காண்டிராக்ட் ஆட்களையும் சேர்த்து, எண்ணிக்கொண்டு வாருங்கள்.

அதுவரைக்கும் மெஸ்காரர்களிடம் நாளைக் காலையே ஒன்று கேட்கப்போகிறோம். சோறு வடித்த மணியை வாசலில் ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதிவைக்க வேண்டும். பீகார், ஒரிஸாத் தோழர்களும் படிக்கும்படி இந்தியிலும் எழுத வேண்டும். எழுத ஆளில்லை என்றால் நம் பிள்ளைகள் போய் எழுதித் தருவார்கள்.