ஒரு மணிப் பறப்பும் மீதிப் பயணமும்

(தமிழகத்திலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்கான பயண ஏற்பாட்டுக் கூட்டத்தில் எமது களப்பணியாளர் ஆற்றிய உரை)



இப்போது வாசலில் ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, பிளேனிலை யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம்?" நான் திருப்பிக் கேட்டேன்: "அம்மா, உங்கடை ரிக்கற்றிலை எந்த விமான நிலையம் போட்டிருக்கு?" அவருக்குத் தெரியவில்லை. இங்கே பலருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

சென்னையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். சிறிய விமானம், ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் இறங்கிவிடும். திருச்சியிலிருந்து அதில் பாதித் தூரந்தான், 185 கிலோமீற்றர் வரும். இது புதுப் பாதையுமல்ல. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதற் பறப்பையே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு நடத்தியது. நெடுங்காலம் நின்றிருந்த சேவை 2019இல் மீண்டும் தொடங்கி, 2020இல் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. ஆகவே புறப்படும் வாரத்தில் சேவை நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ரிக்கற்றில் கொழும்பு என்றிருந்தால் கதை வேறு. கொழும்பு என்றால் கட்டுநாயக்க. வானத்தில் அதிகம் வித்தியாசமில்லை, சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடுவீர்கள். இறங்கிய பிறகுதான் பயணமே. புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று தரைவழியாக 350 கிலோமீற்றருக்கு மேல். எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். ரயிலில் போக நினைத்தால் முதலில் தெற்கே கொழும்புக் கோட்டைக்குப் போகவேண்டும். வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருந்தால் இரவில் இறங்கி உடனே பஸ் ஏற வேண்டாம். அன்றிரவு தங்க ஓரிடம் பார்த்து வையுங்கள். மாமா பலாலி வாசலில் காத்து நிற்க, நீங்கள் கட்டுநாயக்கவில் நிற்கும் நிலை வரக்கூடாது.

பலாலி விமானம் சிறியது, பொதிக்கு இடமும் குறைவு. தையல் மெசினைக் கட்டமுதல் எத்தனை கிலோ விடுவார்கள் என்று கேளுங்கள். மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம்.

படகில் வந்தவர்கள், முகாமில் பிறந்த பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். "ஒரு மணி நேரந்தானே" என்று கடதாசி இல்லாமல் புறப்பட வேண்டாம். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தின் பயண ஆவணம், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இந்தியத் தரப்பின் வெளியேறும் அனுமதி எல்லாம் கையில் வந்த பிறகே ரிக்கற் போடுங்கள்.

வலிகாமம் வடக்குக்காரருக்கு ஒரு சொல். 1990இல் நீங்கள் விட்டுவந்த காணி அந்த விமான நிலையத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. சன்னலால் மயிலிட்டிக் கடற்கரை தெரிந்தாலும், உங்கள் வளவுக்குள் போகமுடியும் என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்கள் விடுவிக்கப்பட்டன, சில இன்னும் படையினர் வசம். உங்கள் காணி எந்தப் பக்கம் என்பதைத் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் உறவினர் மூலம் முன்கூட்டியே கேட்டு, முதற் சில கிழமைக்கு வேறு வீடு ஒழுங்கு செய்யுங்கள்.

ரிக்கற் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். எந்த விமான நிலையம் என்று வாசித்துச் சொல்கிறோம். அங்கிருந்தே உறவினருக்குப் போன் எடுக்கலாம்.